நெருப்பு தொடாத எலும்பு

அத்தியாயம் 9

எஃகுத் தட்டில் பதினொரு எலும்புச் சில்லுகள் கிடந்தன. கால்நடை மருத்துவர் அன்னிகா தெரோன் அவற்றைக் கழுவி, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தியிருந்தாள். கடைசிச் சில்லு நொசூகோவின் சுண்டுவிரல் நீளம் இருந்தது. அதன் நுனி கோணி ஊசி போல் இருந்தது.

“இதுதான் குடலைக் குத்தினது,” என்றாள் டாக்டர். “ஓட்டையைத் தைச்சாச்சு. இன்னொரு இடத்துல சந்தேகமா இருக்கு. மறுபடி திறக்கணுமான்னு சாயங்காலம்தான் தெரியும். அதுவரைக்கும் அவன் வாயில எதுவும் படக் கூடாது. தண்ணிகூட.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேஜர் படுத்திருந்தான். நீண்ட காதுகள் இரண்டும் தரையில் பரவிக் கிடந்தன. போலீசில் நொசூகோ மபான்ட்லா சார்ஜெண்டாக இருந்தபோது ஆறு வருடம் அவளோடு வேலை பார்த்த மோப்ப நாய். ஆட்டுத் திருட்டு வழக்கு என்றால் மாவட்டம் முழுவதும் அவனைத்தான் கேட்பார்கள். திருடனைக் கண்டுபிடித்தால் மேஜர் குரைக்க மாட்டான், பாய மாட்டான். நேராகப் போய் ஆளின் செருப்பின்மேல் வலது முன்னங்காலை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கி நொசூகோவைப் பார்ப்பான். அவள் “சபாஷ், மேஜர்” என்று சொல்லி ஒரு துண்டு உப்புக்கண்டம் கொடுக்கும்வரை அந்தக் காலை எடுக்க மாட்டான்.

அவன் ஓய்வு பெற்ற வருடமே அவளும் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தாள். அவள் இருந்த வாடகை வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது. அதனால், முன்பே நாய் வளர்த்துப் பழகிய ஹெட்டி மாரே என்ற வயதான அம்மாள் அவனை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நொசூகோ போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எலும்பு கடிப்பதைப் பார்ப்பதுதான் அவளுடைய வாரத்தில் யாரோடும் பேச வேண்டாத ஒரே மணி நேரம். நடுவில் ஆட்டுத் திருட்டு வழக்கு ஒன்றுக்காக அடுத்த மாவட்டத்தில் போய்த் தங்கியதில் இரண்டு ஞாயிறு தவறிவிட்டன. நேற்றுதான் போனாள். இன்று விடியற்காலையில் ஃபோன் வந்தது.

“பச்சை எலும்பு இப்படி உடையாது,” என்று டாக்டர் தொடர்ந்தாள். “பல்லுக்கு வளைஞ்சு கொடுக்கும், நசுங்கும், நார்நாரா வரும். இது கண்ணாடி டம்ளர் மாதிரி நொறுங்கியிருக்கு. யாரோ வெந்த எலும்பைக் கொடுத்திருக்காங்க.”

“நேத்து நானும் ஒண்ணு கொடுத்தேன் டாக்டர். ஆட்டுக் கழுத்து, முழுசா. ஆனா பச்சை.”

“பச்சைன்னா அதை விடுங்க. கழுத்து நல்லதுதான். நானே எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன்.”

நொசூகோவின் உதவியாளன் கெர்ஷ்வின் யாஃப்தா சுவரோரமாக நின்றிருந்தான். இருபது வருடம் பஸ் ஓட்டியவன். இருக்கை தேய்ந்த அளவுக்கு அவன் தேயவில்லை. “டாக்டரம்மா, எப்படியாவது பார்த்துக்கோங்க. இவங்க சார்ஜெண்ட், அவரு மேஜர். பெரியவரு படுத்துட்டா நாங்க யாருக்கு சல்யூட் அடிக்கிறது?”

டாக்டர் சிரிக்கவில்லை. வாசல் அறையிலிருந்து ஹெட்டி மாரே உள்ளே வந்தார். எழுபது வயதிருக்கும். கோட்டின் பொத்தான்களை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். அழுது முடித்த முகம்.

“என் வீட்டுல வெந்த எலும்புன்னு ஒண்ணு நுழைஞ்சதே கிடையாது. ஃப்ரீசர் கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். எலும்பு அவன் வாயைவிடப் பெருசா இருக்கணும். மாட்டுக் கால் எலும்பு ஆகாது, பல்லு உடையும். ரம்பத்துல அறுத்தது ஆகாது. கொம்பு, குளம்பு, எதுவா இருந்தாலும் கட்டை விரல் நகத்தால அழுத்திப் பார்க்கணும். நகம் பதியலைன்னா அது நாய்க்கு இல்ல. எல்லாம் லெனாவுக்குத் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கா.”

“லெனாதான்னு எப்படிச் சொல்றீங்க, மிஸஸ் மாரே?” லெனா அவர் வீட்டில் வேலை செய்து அங்கேயே தங்கியிருப்பவள்.

“அவ அடுப்புல ஒரு பானை சூப்பு இருக்கு. அதுல என்ன கிடக்குன்னு நீயே போய்ப் பாரு. நாலு மணிக்குள்ள அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

“பதினொரு வருஷமா இருக்கிற அறை அது.”

“அதனாலதான் நாலு மணி. புதுசா வந்தவளா இருந்தா இப்பவே போகச் சொல்லியிருப்பேன்.” குரல் உடைந்தது. “வேற யாருன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லு, நான் அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனா எனக்குப் பேரு வேணும். ‘லெனா இல்ல’ன்னு மட்டும் வந்து நிக்காதே.”

சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால்.

*

பிக்கப் வண்டியின் இடது கண்ணாடி மூடாது. டோரிங்ஸ்டாட் ஊரின் ஜூலை மாதக் குளிர்காற்று உள்ளே புகுந்து, நொசூகோவின் மடியில் இருந்த கோப்பிலிருந்து காகிதங்களைக் கிளப்பியது. அவள் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

“நூறு கிளிப் வாங்கி வெச்சேன்,” என்றான் கெர்ஷ்வின். “நீலக் கலர், பிளாஸ்டிக் சுத்தினது, துருப்பிடிக்காதது. ஆபீஸ்ல ஒண்ணுகூட இல்ல. அத்தனையும் உங்க வீட்டுப் பெட்டிக்குள்ள இறைச்சியைத் தூக்குல போட்டுட்டு நிக்குது.”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

“ரோடு எங்கே போகப் போகுது, சார்ஜெண்ட்? நாப்பது வருஷமா இங்கேயேதான் கிடக்கு.”

அவள் பையிலிருந்து உப்புக்கண்டம் ஒன்றை எடுத்துப் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள். குளிர்காலத்தில் இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். அடியில் ஒரு பல்பு, மேலே ஒரு சின்ன விசிறி. வினிகரும் உப்பும் கொத்தமல்லியும் தடவிய இறைச்சி கம்பியிலிருந்து தொங்கும். நெருப்பு கிடையாது. வேகவைத்த இறைச்சி என்று அதை யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும்.

மெல்லும்போது மேஜரின் நினைவு வந்தது. கையிலிருந்த மீதியைப் பைக்குள் திரும்பப் போட்டாள். யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது வெறும் கவனக்குறைவாக இருக்கலாம் என்பதை மனம் ஏற்க மறுத்தது. கவனக்குறைவு என்றால் கோபப்படக்கூட ஆள் இல்லை. அவளுக்கு ஒரு குற்றவாளி வேண்டும் போலிருந்தது. திருடர்களைத் தேடிய காலத்தில் இப்படி ஆசைப்பட்டதே இல்லை.

*

ஹெட்டி மாரேயின் வீட்டுக்குப் பின்னால், நாய்க்கூண்டுக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவில் லெனா பூய்சனின் அறை. கதவு திறந்திருந்தது. கட்டிலின்மேல் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை. அது பாதி நிரம்பியிருந்தது.

“வாங்க சிசி, உட்காருங்கன்னு சொல்ல நாற்காலி இல்ல. அது மேடம் கொடுத்தது, திருப்பி வெச்சுட்டேன்.” ‘சிசி’ என்றால் அந்த ஊரில் அக்கா. லெனா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். ஜூன் மாதம் பற்கள் முழுவதையும் பிடுங்கியாகிவிட்டது. செயற்கைப் பல்லுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருந்தாள். “மேஜர் எப்படி இருக்கான்?”

“சாயங்காலம் தெரியும்.”

“நான் பார்க்கப் போகலாமான்னு கேட்டேன். மேடம் வேணாம்னுட்டாங்க.”

கெர்ஷ்வின் அடுப்பருகே போய்ப் பானையைத் திறந்தான். “இதுதான் கொலை ஆயுதமா? மணக்குது.”

“தொட்டா கையை ஒடிப்பேன். எல்லாரும் பேசி முடிச்சப்புறம் அதைத்தான் நான் சாப்பிடணும்.”

நொசூகோ கரண்டியால் கிளறினாள். ஆட்டெலும்புகள் ஏழெட்டு. வெளுத்து, ஓரமெல்லாம் வழவழப்பாக இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எலும்பின் நடுவே துளை, மறுபக்கம் லெனாவின் ஜன்னல் தெரிந்தது.

“உள்ளே மஜ்ஜை எங்கே லெனா?”

“இதென்ன கேள்வி? பல்லு இல்லாதவளுக்குச் சூப்புல வேற என்ன இருக்கு? பானை இறங்கின உடனே உறிஞ்சிட்டு எலும்பைத் திரும்பப் போட்டுடுவேன். சூடு ஆறினா ருசி போயிடும்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணைக்கூட விட மாட்டா, சார்ஜெண்ட்,” என்றான் கெர்ஷ்வின். “இந்த ஊர்ல மஜ்ஜையோட எலும்பைத் தூக்கிப் போடுறவன் ஒண்ணு கோடீஸ்வரன், இல்ல வெளிநாட்டுக்காரன்.”

நொசூகோ சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தாள். டாக்டரிடம் கேட்டு வாங்கிய இரண்டு சில்லுகள் அதில் இருந்தன. பெரியதன் உட்பக்கம் கறுஞ்சிவப்பாக, காய்ந்த பிசின் போல் ஏதோ ஒட்டியிருந்தது. மஜ்ஜை. யாரும் உறிஞ்சாத மஜ்ஜை.

அவளுக்குள் ஏதோ லேசாயிற்று. “இது உன் பானையிலேருந்து வரலை.”

“அது எனக்குத் தெரியுமே,” என்றாள் லெனா.

அந்தப் பதிலில் கோபம் இல்லை. அது நொசூகோவை என்னவோ செய்தது. ஒருத்தி தான் செய்யாததை நிரூபிக்கத் தன் பானையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. பல் இல்லாத வாயைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகும் அவள் மற்றவர்கள் பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கிறாள்.

“நேத்து நீ இங்கே இருந்தியா?”

“காலையில சர்ச்சு. மத்தியானம் தங்கச்சி வீடு. மேடமும் சர்ச்சு முடிஞ்சு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. நாலு மணிக்கு வந்து பார்க்கிறப்போ மேஜர் நல்லாத்தான் இருந்தான். ராத்திரிதான் வாந்தி.”

பக்கத்து வீட்டில் சனிக்கிழமை கரியடுப்பு விருந்து நடந்திருந்தது. கெர்ஷ்வின் வேலியை எட்டிப் பார்த்து, அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறிவிட்டு வந்தான். “சுட்ட எலும்பு இருக்கு. எல்லாம் கரி. பிடிச்ச கையைப் பாருங்க, சுரங்கத் தொழிலாளி மாதிரி இருக்கு. நம்ம சில்லுல ஒரு பொட்டு கரி இல்லையே.”

“சுடலை, அவிக்கலை. பின்னே எப்படி வெந்தது?”

“வெக்கத்துல வெந்திருக்கும்.”

அவன் சிரித்துக்கொண்டே வேலியோரமாக நடந்தான். நொசூகோ நாய்க்கூண்டுக்குள் தவழ்ந்தாள். மேஜரின் கம்பளிக்கு அடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு துண்டு கிடந்தது. அவன் எப்போதும் கடைசித் துண்டைப் பதுக்குவான். லெனா அதை ரொட்டி கொடுத்து ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்வாள். நேற்று மத்தியானம் பிடுங்க ஆள் இல்லை. பழுப்பும் கறுப்புமான துண்டு. எங்கோ பார்த்த நிறம் போலிருந்தது. இந்த ஊரில் அந்த நிறத்தில் ஆயிரம் பொருள்கள் உண்டு என்று நினைத்துக்கொண்டாள். கட்டை விரல் நகத்தால் அழுத்தினாள். நகம் வழுக்கியது.

வெளியே வந்தபோது கெர்ஷ்வின் வேலியடியில், பிய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“என்ன கிடைச்சது?”

“ஒண்ணுமில்ல,” என்று எழுந்து கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

*

கசாப்புக் கடையில் ஃபையிக் சாலி வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக அவர்கள் கடைதான். மின்வெட்டு நேரம். ஜெனரேட்டர் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.

“வாங்க சிசி. மேஜரைப் பத்திக் கேள்விப்பட்டேன். அல்லாஹ் காப்பாத்தணும்.”

நொசூகோ துண்டைக் கல்மேடையில் வைத்தாள். “இது எப்படி வெந்ததுன்னு சொல்லுங்க அண்ணே.”

அவர் அதை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். கத்தி முனையால் ஒரு பிளவைக் கிளறினார். கல்லின்மேல் ஒரு பொடி விழுந்தது. பாதி உடைந்த கொத்தமல்லி விதை.

“இது வேகவே இல்லையே.”

“டாக்டர் வெந்ததுன்னு சொல்றாங்க.”

“டாக்டரம்மா உடைஞ்சதைப் பார்த்துச் சொல்றாங்க. நான் வாசனையைப் பார்த்துச் சொல்றேன். வினிகர், மல்லி. இது பெட்டிக்குள்ள தொங்கினது. ரெண்டு மூணு வாரம் பல்பு சூட்டுலயே கிடந்திருக்கு.”

“அப்போ பச்சைதானே?”

“நெருப்பு தொடலை, அவ்வளவுதான். இறைச்சி காய்ஞ்சா உப்புக்கண்டம். எலும்பு காய்ஞ்சா கண்ணாடி. ஈரம் போச்சுன்னா அடுப்புல போட்டதும் பெட்டியில தொங்கினதும் ஒண்ணுதான். ஆனா யாரு இப்படிப் பண்ணுவாங்கன்னுதான் புரியலை.” அவர் துண்டைத் திருப்பினார். “இது கழுத்து. கழுத்துல காயப்போடுற அளவுக்கு இறைச்சி கிடையாது. அதைப் போய் மெனக்கெட்டு மசாலாத் தண்ணியில முக்கித் தொங்கவிடுவாங்களா? மனுஷனுக்காக யாரும் பண்ண மாட்டாங்க. நாய்மேல ரொம்பப் பிரியம் உள்ளவங்கதான் பண்ணுவாங்க. இந்த மின்வெட்டுல ஃப்ரிட்ஜை நம்ப முடியலை, கெட்டுப்போயிடக் கூடாதேன்னு நினைச்சிருப்பாங்க.”

அவர் துண்டை நொசூகோவின் பக்கம் தள்ளி வைத்தார்.

கெர்ஷ்வின் ஏதாவது சொல்வான் என்று நொசூகோ காத்திருந்தாள். ஆட்டின் கழுத்துக்கு மசாலா முழுக்கு என்ற விஷயத்தில் அவனுக்கு ஐந்து நகைச்சுவையாவது கிடைக்க வேண்டும். அவன் தொத்திறைச்சி இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எப்போது கடைசியாகச் சிரித்தான்? டாக்டரிடம் சல்யூட். வண்டியில் தூக்குத் தண்டனை. பானை, கோடீஸ்வரன், சுரங்கம், வெட்கம். அதற்குப் பிறகு வேலியோரம் குந்தினான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஹெட்டியின் வாசலிலிருந்து கசாப்புக் கடைவரை, ஏழு நிமிடப் பயணத்தில், இருபது வருடம் பயணிகளைச் சிரிக்க வைத்தே பழகியவன் வாயைத் திறக்கவில்லை.

“கெர்ஷ்வின்.”

“ம்.”

“பாக்கெட்டுல இருக்கிறதை வெளியே எடு.”

“சாவி, சார்ஜெண்ட்.”

“சாவி வண்டியிலயே இருக்கு.”

அவன் ஃபையிக்கைப் பார்த்தான். பிறகு கையை வெளியே எடுத்து, கல்மேடையின்மேல் மெதுவாகத் திறந்தான். S எழுத்து போல வளைத்த ஒரு கிளிப். நீலக் கலர், பிளாஸ்டிக் சுற்றியது, துருப்பிடிக்காதது.

ஃபையிக் கத்தியைக் கீழே வைத்தார். நொசூகோவைப் பார்க்காமல் பின்பக்கம் போய் ஜெனரேட்டரை ஏதோ சரிபார்ப்பது போல நின்றுகொண்டார்.

அவளுக்கு எல்லாம் வரிசையாக நினைவு வந்தது. அடுத்த மாவட்டத்துக்குக் கிளம்பின வெள்ளிக்கிழமை, ஞாயிறுக்கென்று வாங்கிவைத்த கழுத்து ஃப்ரிட்ஜில் இருந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. வீணாகிவிடக் கூடாதே என்று நினைத்தாள். பெட்டியில் மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நேற்று மத்தியானம் அதைக் கிளிப்போடு எடுத்து வந்து வேலியருகே கழற்றியபோது கையில் கனமே இல்லாமல் இருந்தது. அதையும் கவனித்தாள். கவனித்ததை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை எலும்பு. அவள் அதை நெருப்பில் காட்டவே இல்லையே. வேலியருகே உட்கார்ந்து அவன் கடிப்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிக்கும்போது ‘மொறுக் மொறுக்’ என்று சத்தம் வந்தது. எத்தனை ஆசையாய்ச் சாப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

*

ஊரில் இருக்கும் ஒரே சிக்னல் மின்வெட்டில் அணைந்திருந்தது. நாலு பக்கமும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. கெர்ஷ்வின் நகராமல் இருந்தான்.

“நான் சொல்றதைக் கேளுங்க. வேலியோரமா எவனோ வழிப்போக்கன் எறிஞ்சுட்டுப் போயிருக்கான்னு சொல்லுவோம். லெனா தப்பிச்சிடுவா. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. யாருக்கு நஷ்டம்?”

“ஆறு வருஷம் ஆட்டுத் திருடங்களைப் பிடிச்சேன். பாதிப் பேரு இந்த வழிப்போக்கனைத்தான் கை காட்டுவாங்க. ஒரு தடவைகூட அவனை நான் பார்த்ததில்ல.”

“அப்போ நான்தான்னு சொல்றேன். கிளிப்பு நான் வாங்கினதுதானே. என்னை அந்த அம்மா திட்டினா எனக்கு உறைக்காது. பஸ்ல வாங்காத திட்டா?”

ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், அவள் அதை ஏற்றுக்கொண்டாள். மனத்துக்குள் ஹெட்டியின் முகத்தையும் அதற்குமுன் நிற்கும் கெர்ஷ்வினையும் பார்த்தாள். எவ்வளவு சுலபமாக இருந்தது அந்தக் காட்சி. தான் அதில் ஓரமாக, கையில் கோப்போடு, யாரும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். காலையில் தனக்கு ஒரு குற்றவாளி வேண்டும் என்று ஆசைப்பட்டது நினைவு வந்தது.

“நேரா போ,” என்றாள்.

*

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஹெட்டி மாரே சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஃப்ரீசர் கதவில் அந்தக் காகிதம். பின்கதவுக்கு வெளியே லெனா, பையின் வாயைக் கயிற்றால் கட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

நொசூகோ கிளிப்பை மேஜைமேல் வைத்தாள். எலும்புத் துண்டை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நான்கே வாக்கியம். கோர்ட்டில் சாட்சி சொல்லிப் பழகிய குரல் எப்படியோ கூட வந்தது.

ஹெட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயா?”

“நான்தான்.”

“டாக்டர்கிட்ட பச்சைன்னு சொன்னியே.”

“பச்சைன்னுதான் நினைச்சேன்.”

“நகத்தால அழுத்திப் பார்த்தியா?”

“இல்ல. அது என் கையில இருந்ததால தோணலை.”

ஹெட்டியின் கை எழும்பியது. அடிக்கப் போகிறார் என்று கெர்ஷ்வின் நினைத்திருக்க வேண்டும், ஓரடி முன்னால் வந்தான். அந்தக் கை ஃப்ரீசரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தது. பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைமேல் வைத்துத் தடவித் தடவிச் சுருக்கம் நீக்கியது.

“காயவெச்சது ஆகாதுன்னு நான் இதுல எழுதவே இல்லையே,” என்றார் மெல்ல. “என் வீட்டுக்காரரும் அப்படித்தான் பெட்டியில நாய்க்குத் தொங்கவிடுவாரு. முன்னே இருந்த நாய்க்கு. அது பத்து வயசுல வயிறு வீங்கித்தான் செத்துது. வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்.”

திட்டியிருந்தால் நொசூகோவுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

ஹெட்டி எழுந்து பின்கதவுவரை போனார். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதாகக் காலையில் சொன்னவர், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “லெனா, காப்பி போடேன். எல்லாருக்கும்.”

லெனா திரும்பிப் பார்த்தாள். “பையில முதல்ல வெச்சது என் கோப்பைதான் மேடம். அடியில இருக்கு. அதை எடுக்கணும்னா எல்லாத்தையும் வெளியே எடுக்கணும்.”

“எடு.”

“பார்க்கலாம்,” என்றாள் லெனா. எழுந்திருக்கவில்லை.

நொசூகோ அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தாண்டும்போது நின்றாள். ‘மன்னிச்சிடு’ என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் லெனா ‘பரவாயில்ல சிசி’ என்றுதான் சொல்வாள். பதினொரு வருடமாக அவள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு முறை அதைச் சொல்ல வைக்க நொசூகோவுக்கு மனம் வரவில்லை.

“மேஜரைப் பார்க்கப் போறேன். வண்டியில இடம் இருக்கு.”

லெனா பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு பையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

*

“வெள்ளை அணு எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு,” என்றாள் டாக்டர் தெரோன். “அரை மணி நேரத்துல மறுபடி திறக்கப் போறேன். அவனுக்கு வயசு பத்து. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

காய்ந்த எலும்பு என்று கேட்டதும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். “நான் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கணும்.” ஹெட்டிக்குப் பிறகு, தன் தவறு என்று சொல்வதில் ஒரே நாளில் அது இரண்டாவது ஆள். ஆளுக்கு ஒரு கை அந்தப் பாரத்தைப் பிடிக்க வந்தார்கள். நொசூகோவின் கையில் எடை குறையவில்லை.

மூவரும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனார்கள். லெனா சுவரோரம் நின்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கெர்ஷ்வின் தொப்பியைக் கழற்றினான்.

நொசூகோ தரையில் படுத்திருந்த மேஜரின் தலைக்கருகே போய் நின்றாள். அவன் கண் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. முதலில் லெனாவின் பக்கம். அது அங்கே நிற்கவில்லை. கெர்ஷ்வினின் காலணிப் பக்கம் திரும்பிக் கடந்தது. நொசூகோவிடம் வந்து நின்றது. அவள் விரல்களில் வினிகரும் மல்லியும் இருந்தன, எத்தனை கழுவினாலும் குளிர்காலம் முடியும்வரை போகாத வாசனை.

மருந்தின் மயக்கத்தில், ஊசி குத்திய அந்த வலது முன்னங்கால் மெல்ல நகர்ந்தது. அரை அடி தூரம். பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நகர்ந்தது. பிறகு அவளுடைய செருப்பின்மேல் ஏறி அமர்ந்தது.

“ஐயோ,” என்றான் கெர்ஷ்வின்.

மேஜர் கண்ணைத் திறந்தான். தலையைத் தூக்க முயன்றான், முடியவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி, ஆறு வருடமும் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தான். வேலை முடிந்தது, ஆளைக் காட்டியாயிற்று என்ற பார்வை.

“சபாஷ்,” என்றாள் நொசூகோ. பெயரையும் சேர்த்து மறுபடி சொன்னாள். “சபாஷ், மேஜர்.”

அவள் கை பழக்கத்தில் பைக்குள் போய்விட்டது. விரல்களில் உப்புக்கண்டத் துண்டு தட்டுப்பட்டது. அதை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

“வாயில எதுவும் கூடாது,” என்றாள் டாக்டர் பின்னாலிருந்து, மிக மெதுவாக.

“தெரியும்.”

அவன் காலை எடுக்கவில்லை. வர வேண்டியது இன்னும் வரவில்லையே. அறுவை அறைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தள்ளுவண்டி வரும்வரை, அவள் அசையாமல் நின்றாள், அவன் காத்துக்கொண்டிருந்தான்.